பீரோக் கதவில் ஒரு ஹீரோ: நினைவேக்கம் என்றால் என்ன?

வீடு மாற்றுவதற்காகப் பழைய பீரோ ஒன்றைக் காலி செய்துகொண்டிருந்தேன். துணிகளையெல்லாம் எடுத்த பிறகு கதவின் உட்பக்கம் கண்ணில் பட்டது. சிவப்பும் நீலமுமாக ஒரு ஸ்டிக்கர். ஸ்பைடர்மேன். இடது பாதி உரிந்துபோய்ப் பசை மட்டும் பழுப்பேறிக் கிடக்கிறது. வலது பாதியில் ஒரு கண், ஒரு கை. உரிந்த ஓரத்தில் நகத்தால் கீறிய தடம்கூட அப்படியே இருந்தது. வெளியே வண்டிக்காரர் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். துக்கம் என்று சொல்ல முடியாது, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. தொண்டையில் ஏதோ அடைக்கிறது, ஆனால் முகத்தில் சிரிப்பு.

இதற்குத்தான் நாஸ்டால்ஜியா என்று பெயர். தமிழில் நினைவேக்கம் என்கிறார்கள். ‘மலரும் நினைவுகள்’ என்று வழக்கமாகப் போடும் தலைப்பைவிட எனக்கு இந்தச் சொல் பிடிக்கும். மலர்வது பாதிதான், மீதி ஏக்கம்.

இந்த வார்த்தை பிறந்த இடம் ஒரு மருத்துவ ஆய்வேடு. 1688-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் நினைப்பில் உருகி நோயாளியாகிப் போகிறவர்களைப் பற்றி எழுதினார். கிரேக்க மொழியில் நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், அல்கோஸ் என்றால் வலி. இரண்டையும் ஒட்டி ஒரு நோய்ப் பெயர் செய்தார். அவர் சொன்ன நோயாளிகளில் ஒருவன் பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞன். படுத்த படுக்கையாகி, இனி பிழைக்க மாட்டான் என்ற நிலையில் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். போகிற வழியிலேயே தேறிவிட்டான்.

ஆக, முதலில் இது இடத்துக்கான ஏக்கம். அதை நாம் காலத்துக்கான ஏக்கமாகப் பயன்படுத்தத் தொடங்கியது பின்னால்தான், நோய் என்ற முத்திரையும் மெல்ல விலகிவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். பெர்ன் மாணவனுக்கு மருந்து இருந்தது, வண்டி பிடித்து ஊருக்குப் போய்விடலாம். ஏழு வயதுக்குப் போக எந்த வண்டியில் ஏறுவது? அங்கே திரும்ப முடியாததால்தான் அந்த வயதில் நம்மோடு இருந்த பொருள்களைப் பிடித்துக்கொள்கிறோம். பாட்டு, பொம்மை, தொடக்க இசை, ஸ்டிக்கர்.

சரி, பள்ளிக்கூடத்தில் படித்த பாடத்தைவிட ஸ்பைடர்மேன் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகிறார்?

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயது வரையிலான சம்பவங்கள்தான் மளமளவென்று வரும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். வரைபடத்தில் அந்தப் பகுதி ஒரு மேடு போலத் தெரியும். முதல் நட்பு, முதல் வேலை, முதல் காதல் என்று எல்லா ‘முதல்’களும் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஹீரோக்கள் அந்த மேட்டுக்குச் சற்று முன்னாலேயே, ஐந்தாறு வயதிலேயே வந்துவிடுகிறார்கள். அவர்கள் நிலைப்பதற்குக் காரணம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைகள் பார்த்ததையே பார்க்கும். பெரியவர்கள் ஒரு படத்தை ஒருமுறை பார்த்து மறந்துவிடுவார்கள். குழந்தை அதே கதையை இருபதாவது முறை பார்க்கும்போதும் வில்லன் வரும் இடத்தில் மூச்சைப் பிடிக்கும். அத்தனை முறை உழுத நிலத்தில் எது போட்டாலும் வேர் விடும்.

இன்னொரு காரணம், அது வெறும் பார்த்தல் இல்லை, பழக்கம். 1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு பேர், தொலைக்காட்சி, வானொலி ஆட்களோடு நேயர்கள் வளர்த்துக்கொள்ளும் உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த உறவு ஒருதலையானது. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் நம் பக்கத்தில் நட்புக்கு உரிய எல்லாமே இருக்கும்: எதிர்பார்ப்பு, கோபம், ‘அவர் அப்படிச் செய்ய மாட்டார்’ என்ற நம்பிக்கை. ஒருதலைக் காதல் மாதிரி ஒருதலை நட்பு.

அந்த நட்பு எவ்வளவு நிஜம் என்பதற்கு ஒரு சம்பவம். 1969-ல் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி செசமி ஸ்ட்ரீட். அதில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், வெளியூர் போய்விட்டார் என்று கதை கட்டியிருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 1983 நவம்பரில் ஒளிபரப்பான பகுதியில், ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்த ‘பிக் பேர்ட்’ என்ற மஞ்சள் பறவை, தான் வரைந்த படங்களை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே வருகிறது. ஒரு படம் மிச்சம், ஹூப்பருக்கு. அவர் வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இறந்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்று மெதுவாகச் சொல்கிறார்கள். பறவைக்குப் புரியவில்லை, ஏன் என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு அங்கே யாரிடமும் நல்ல பதில் இல்லை. அதை மழுப்பாமல் விட்டதுதான் அந்தக் காட்சியின் நேர்மை. குழந்தைகளுக்கும் ஹூப்பருக்கும் இருந்த உறவை நிஜ உறவாக மதித்தவர்கள் செய்த வேலை அது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நினைவேக்கத்தில் பேசும்போது நாம் எல்லோரும் ஒரு வாக்கியத்தைச் சொல்வோம்: ‘அந்தக் காலத்து ஹீரோக்கள் நமக்கு நல்லது கற்றுக்கொடுத்தார்கள்.’ நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஸ்பைடர்மேனையே எடுத்துக்கொள்வோம். பெரிய ஆற்றலோடு பெரிய பொறுப்பும் வரும் என்ற கருத்தை யார் சொன்னது என்று கேட்டால், கை தூக்குகிற அத்தனை பேரும் அவனை வளர்த்த ‘பென் மாமா’ என்பார்கள். சாகும் தறுவாயில் சொன்னதாகக்கூடச் சிலருக்கு நினைவிருக்கும்.

1962-ல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய முதல் கதையைப் பாருங்கள். மொத்தமே 11 பக்கம். சிலந்தி கடித்துச் சக்தி வந்ததும் பையன் செய்யும் முதல் வேலை ஊரைக் காப்பாற்றுவது இல்லை, காசு பார்ப்பது. மல்யுத்த மேடை ஏறுகிறான், தொலைக்காட்சியில் வித்தை காட்டுகிறான். ஒரு திருடன் அவனைத் தாண்டி ஓடுகிறான், பிடிக்காமல் விடுகிறான், எனக்கென்ன வந்தது என்கிறான். பிற்பாடு அதே திருடன்தான் மாமாவைக் கொன்றவன் என்று தெரிகிறது. கடைசிக் கட்டத்தில் பையன் தலை குனிந்து இருட்டில் நடந்து போகிறான். அந்தப் பொறுப்பு வாசகம் அங்கேதான் வருகிறது, மாமாவின் வாயிலிருந்து அல்ல. கதைசொல்லியின் குரலாக, கட்டத்துக்குள் எழுதிய வரி அது. மாமா அதற்கு முன்பே இறந்துவிட்டார். பின்னால் வந்த கதைகளும் படங்களும்தான் அதை மாமாவின் வாயில் வைத்தன. நம் நினைவு அதைப் பத்திரமாக முதல் நாளுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டது.

இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. அது ஆல்பத்தில் ஒட்டிய போட்டோ இல்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாகச் சமைக்கிறோம், இன்றைக்கு வீட்டில் என்ன இருக்கிறதோ அதையும் போட்டு. நாற்பது வயதில் பொறுப்பு என்றால் என்னவென்று தெரிந்தவன், ஏழு வயதில் பார்த்த படத்துக்குள் அந்தப் பொறுப்பைக் கொண்டுபோய் வைக்கிறான்.

அப்படியானால் ஏழு வயதில், அல்லது ஐந்து வயதில், குழந்தை உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறது? 2008-ல் வெளியான ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும். மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு, கிளிஃபோர்டு என்ற பெரிய சிவப்பு நாய் வரும் கார்ட்டூனில் ஒரு கதையைப் போட்டுக் காட்டினார்கள். அதில் மூன்று கால் நாய் ஒன்று வருகிறது. மற்ற நாய்கள் அதைக் கண்டு தயங்கி, பிறகு நண்பர்களாகின்றன. நம்மிலிருந்து வேறுபட்டவர்களை ஒதுக்கக் கூடாது என்பதுதான் எடுத்தவர்களின் எண்ணம். குழந்தைகளிடம் கேட்டபோது பலர் பிடித்துக்கொண்ட நீதி: மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். சிரிப்பு வந்தாலும் யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. பார்த்தது நாய், சொன்னது நாய். மனிதர்கள் எங்கே வந்தார்கள்?

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குக் கொஞ்சம் வயது வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து ‘நம்ம தெருப் பையனும் அப்படித்தானே?’ என்று கேட்க ஒரு ஆளும் வேண்டும்.

சூப்பர் ஹீரோ கதைகளில் இன்னொரு தொல்லை உண்டு. இருபது நிமிஷக் கதையில் பதினெட்டு நிமிஷம் அடிதடி, கடைசி இரண்டு நிமிஷம் நீதி. குழந்தை எதை எடுத்துக்கொள்ளும்? அமெரிக்காவில் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளை ஓராண்டு இடைவெளியில் கவனித்த ஆய்வு ஒன்று 2017-ல் வந்தது. சூப்பர் ஹீரோக்களில் அதிகம் ஊறிய குழந்தைகள் அடுத்த ஆண்டு கொஞ்சம் கூடுதலாக முரட்டுத்தனம் காட்டினார்கள். அடி வாங்கும் இன்னொரு குழந்தைக்காகப் பரிந்து போவது மட்டும் கூடவில்லை. இதை வைத்துக்கொண்டு வீட்டில் கார்ட்டூனையே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், எதற்கு எது காரணம் என்று அவ்வளவு சுலபமாக முடிவு கட்டவும் முடியாது. ஆனால் ‘எங்கள் ஹீரோ எங்களை நல்லவர்களாக்கினார்’ என்ற வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி நிற்க வைக்கிறது.

நீதி எப்படி வந்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஹீ-மேன் முதலில் 1982-ல் பொம்மையாகக் கடைக்கு வந்தவர், கார்ட்டூன் வந்தது 1983-ல். அதாவது பொம்மைக்காகக் கதை. அரை மணி நேர விளம்பரம் என்று திட்டினார்கள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு பாத்திரம் திரையைப் பார்த்து ‘இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டோம்’ என்று பேசும் பகுதி இருந்ததே, அந்தத் திட்டுக்குப் பதிலாகவும் அது உதவியது. இன்றைக்கு அந்த முடிவுரையைத்தான் பலர் கண் கலங்க நினைத்துக்கொள்கிறார்கள். வியாபாரத்துக்குள் ஒளிந்து வந்தாலும் மருந்து மருந்துதான் என்று யாராவது வாதாடினால் எனக்கும் மறுக்க மனம் வராது.

நிஜமாகவே வேண்டுமென்று கற்றுக்கொடுத்த ஹீரோக்களும் உண்டு. 1938-ல் வந்த முதல் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். விண்வெளி அரக்கன் யாரும் எதிரி இல்லை. மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்து உலுக்குகிறார், செய்யாத குற்றத்துக்குச் சாகப்போகும் பெண்ணைக் காப்பாற்ற நடு இரவில் ஆளுநர் வீட்டுக் கதவை உடைக்கிறார். 1946-ல் அவருடைய வானொலித் தொடர் இன்னும் ஒரு படி மேலே போனது. சீன வம்சாவளிப் பையன் ஒருவன் பேஸ்பால் அணியில் சேர்கிறான், முகமூடி போட்ட வெறுப்புக் கும்பல் ஒன்று அவன் குடும்பத்தைக் குறிவைக்கிறது. பெயர்தான் மாறியிருந்தது, அது கு க்ளக்ஸ் க்ளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்புதான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தெரியும். பதினாறு பகுதி நீண்ட கதை. அந்தக் காலத்தில் ஹீரோக்கள் அரசியல் பேசாமல் அப்பாவியாக இருந்தார்கள் என்று இன்று அங்கலாய்ப்பவர்கள் அந்தக் காலத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

என் சூப்பர்மேன் அனுபவம் அவ்வளவு உயர்வானது அல்ல. துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சுற்றுச்சுவரிலிருந்து குதித்தேன். வலது கணுக்கால் ஒரு மாதம் வீங்கிக் கிடந்தது.

ஆனால் அந்தத் துண்டில்தான் விஷயமே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். 2017-ல் வேறொரு ஆய்வு. நான்கு வயதும் ஆறு வயதுமான 180 குழந்தைகளுக்கு 10 நிமிஷம் செய்ய ஒரு சலிப்பான கணினி வேலை. பக்கத்திலேயே விளையாட்டோடு ஒரு டேப்லெட். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போய் விளையாடலாம். ஒரு குழுவிடம் ‘நான் நன்றாக உழைக்கிறேனா?’ என்று அவ்வப்போது தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு குழு தன் பெயரைச் சொல்லி, வேறு யாரையோ கேட்பது போலக் கேட்க வேண்டும். மூன்றாவது குழுவுக்குப் பிடித்த ஹீரோவின் உடுப்பு. ‘பேட்மேன் நன்றாக உழைக்கிறாரா?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதிக நேரம் வேலையில் தாக்குப்பிடித்தது மூன்றாவது குழுதான். ‘பேட்மேன் விளைவு’ என்றே இதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

கவனியுங்கள், பேட்மேன் அங்கே யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. திரையில்கூட இல்லை. குழந்தை தன்னிடமிருந்து ஓரடி தள்ளி நிற்க அவர் ஒரு சட்டை கொடுத்தார். பயந்த குழந்தைக்குப் பயப்படாதவனின் சட்டை, சலித்த குழந்தைக்குச் சலிக்காதவனின் சட்டை. பொறுமையும் தைரியமும் அந்தச் சட்டைக்குள் இருந்த குழந்தையினுடையவை. ஹீரோக்கள் நமக்குக் கொடுத்தது பாடம் என்பதைவிட வேடம் என்பது சரியாக இருக்கும். கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தோம். சிலருக்கு உடம்போடு ஒட்டிக்கொண்டது.

பழைய ஹீரோவைப் புதிதாக எடுக்கும்போதெல்லாம் சண்டை வருவதும் இதனால்தான். ஸ்வெட்லானா பாய்ம் என்ற அறிஞர் நினைவேக்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, பழையதை இருந்தபடியே திரும்பக் கட்டி எழுப்பத் துடிப்பது. மற்றொன்று, அது போய்விட்டது என்று தெரிந்தே அசைபோடுவது. முதல் வகை ஆட்களுக்கு உடையின் நிறம் மாறினாலே பொறுக்காது, ‘என் குழந்தைப் பருவத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று குதிப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பருவத்தை யாரும் தொடவில்லை. பழைய கதை எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. போய்ப் பார்த்தால் வேறு அதிர்ச்சி காத்திருக்கும்: அட்டையில் செய்த மலை, ஒரே ஓட்டத்தை நான்கு முறை காட்டும் சிக்கனம், காப்பாற்றப்படுவதற்கென்றே படைத்த பெண் பாத்திரங்கள். எனக்கு இரண்டாவது வகைதான் சரிப்படுகிறது. அட்டை மலையைப் பார்த்துச் சிரிக்கலாம், அதை நிஜம் என்று நம்பிய பையனைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், நினைவேக்கம் என்று மக்கள் எழுதிக் கொடுப்பவற்றில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். அதில் கதாநாயகன் பெரும்பாலும் எழுதுகிறவரேதான். ஆனால் அவர் தனியாக இருப்பது அபூர்வம், சுற்றிலும் நெருங்கியவர்கள் இருப்பார்கள். மனசு சோர்ந்திருக்கும்போது, அதிலும் தனிமையில், இந்த நினைவுகள் கூடுதலாகக் கிளம்புகின்றன, வந்து கொஞ்சம் தெம்பும் தருகின்றன. ஆகவே உங்கள் ஹீரோவை நினைக்கும்போது திரையை விட்டுவிட்டு அறையைத் திரும்பிப் பாருங்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கத்தியது யார்?

நான் பார்த்தபோது அக்கா இருந்தாள். அன்று ராத்திரியே போன் போட்டு, ‘என் ஸ்பைடர்மேன் ஸ்டிக்கர் இன்னும் பீரோவில் இருக்குக்கா’ என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

‘உன் ஸ்டிக்கரா? டேய், அது என்னோடது. உனக்கு எட்டக் கூடாதுன்னுதான் அவ்வளவு உயரத்துல உள்பக்கமா ஒட்டினேன். நீ ஸ்டூல் போட்டு ஏறிப் பாதியைப் பிச்செடுத்துட்ட. அம்மா வர்ற சத்தம் கேட்டு மீதியை விட்டுட்டு ஓடின.’